முழங்காலில் நிற்கையில் மனதில் ஓடுவது எது? ஊடகமும் விசுவாசமும் – ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு ஜெபிக்க முழங்கால்படியிட்டேன். "பிதாவே" என்று தொடங்கி இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை. அன்று மாலை பார்த்த தொலைக்காட்சி விவாதம் மனதுக்குள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் அப்படிச் சொன்னாரே, நானாக இருந்தால் இப்படித் திருப்பிக் கேட்டிருப்பேனே என்று ஒரு சண்டையைக் கற்பனையில் நடத்தி முடித்து நிமிர்ந்தால், கால் மணி நேரம் போயிருந்தது. நான் பார்த்ததில் ஆபாசமோ வன்முறையோ கிடையாது, வெறும் நாட்டுநடப்புதான். ஆனாலும் தேவனோடு பேச வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்திருந்தது.

அதுவரை ஊடகம் பற்றி என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது: "இதைப் பார்ப்பது பாவமா?" வாலிபர் கூட்டங்களில் கேட்கப்படுவதும் பெரும்பாலும் இதுதான். பாவம் என்றால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு வேறொரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: "பார்த்து முடித்த பிறகும் இது எனக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது?" கீழே எழுதியிருப்பவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். வாரத்துக்கு ஒரு படி போதும்.

தொடங்கும் முன்: மனம் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்

கர்த்தருடைய வேதத்தில் "இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்கிறது முதலாம் சங்கீதம். தியானம் என்றதும் கண்மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் வினைச்சொல் 'ஹாகா'. தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது அதன் பொருள். ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் இதே சொல்தான். நான் இதைப் படித்து வியந்தது அடுத்த சங்கீதத்துக்கு வந்தபோதுதான். "ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?" என்று இரண்டாம் சங்கீதம் தொடங்குகிறதே, அங்கேயும் அதே 'ஹாகா'.

பாக்கியவானும் முணுமுணுக்கிறான், கர்த்தருக்கு விரோதமாகக் கொந்தளிக்கிற ஜனங்களும் முணுமுணுக்கிறார்கள். வாய்க்குள் இருப்பது எது என்பதில்தான் வேறுபாடு. வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு விளம்பரப் பாட்டு தானாக உதட்டுக்கு வருகிறது. நேற்றைய சீரியலின் வசனம் காதில் திரும்பக் கேட்கிறது. யாரோ முகம் தெரியாதவர் எழுதிய பின்னூட்டம் மனதில் முள்ளாகத் தைக்கிறது. நாம் எல்லோருமே நாள் முழுவதும் எதையோ தியானித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது எது என்பதைப் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, திரைதான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது.

உள்ளே வரும் வழிகள்

எதிரி எந்த வாசலில் வருகிறான் என்று தெரிந்தால்தான் காவல் வைக்க முடியும். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதனிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்று நீதிமொழிகள் 4:23 சொல்கிறது.

ஒரு வாசல், திரும்பத் திரும்பக் கேட்பது. 1977-ல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டோப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளிகளில் மீண்டும் கேட்டார்கள். முன்பே கேட்ட வாக்கியங்கள், பொய்யாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கூடுதல் உண்மையாகத் தோன்றின. இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். "தேவன் இல்லை" என்று எந்தத் தொடரும் நம்மிடம் வாதாடுவதில்லை. நூறு கதைகளில் நூறு பேர் துன்பப்படுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள், காதலிக்கிறார்கள், பழிவாங்குகிறார்கள். ஒருவர்கூட ஜெபித்துவிட்டு முடிவெடுப்பதில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து, தேவனைக் கேட்காமல் முடிவெடுப்பதுதான் இயல்பு என்று மனம் பழகிவிடுகிறது. எனக்கு அதிகம் பயம் தருவது இந்த வாசல்தான். ஆபாசக் காட்சி வந்தால் மனசாட்சி சத்தம் போடும். தேவனே இல்லாத உலகம் அழகாகக் காட்டப்படும்போது அது சத்தம் போடுவதில்லை.

அடுத்தது, மனநிலை தொற்றிக்கொள்வது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளை அவர்களுக்குச் சொல்லாமலே மாற்றிப் பார்த்தது. மகிழ்ச்சியான பதிவுகள் குறைக்கப்பட்டவர்கள் தாங்களும் கொஞ்சம் சோர்வான சொற்களை எழுதினார்கள். சோர்வான பதிவுகள் குறைக்கப்பட்டவர்களிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2014-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்த மாற்றம் மிகச் சிறியதுதான், பெரிதாக்கிச் சொல்லக் கூடாது. ஆனால் அது ஒரு வாரம். நாம் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம்.

மூன்றாவது, நிறுத்த இடம் கொடுக்காத வடிவமைப்பு. புத்தகத்துக்கு அத்தியாயம் முடியும், செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக அவரே வருந்திப் பேசியிருக்கிறார். யூடியூபில் பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல், அதன் பரிந்துரைகள் வழியாகவே வருகிறது என்று அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் 2018-ல் சொன்னார். "நான்தான் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது செல்போன் காலத்துப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நான்காம் நூற்றாண்டில், பின்னாளில் பெரிய சபைப் போதகராக அறியப்பட்ட அகஸ்டினுக்கு அலிப்பியுஸ் என்றொரு நண்பர் இருந்தார். சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போன அவருக்கு, மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் கிளாடியேட்டர் காட்சிகள் அருவருப்பாக இருந்தன. நண்பர்கள் விடாப்பிடியாக இழுத்துப் போனார்கள். "என் உடலைத்தான் அங்கே உட்காரவைக்க முடியும், கண்ணை மூடிக்கொள்வேன்" என்றார். அப்படியே மூடியும் கொண்டார். காதை மூடவில்லை. யாரோ ஒருவன் விழுந்தபோது கூட்டம் எழுப்பிய பேரிரைச்சலில், என்னதான் நடந்தது என்று பார்க்கக் கண்ணைத் திறந்தார். அதற்குப் பிறகு மூட முடியவில்லை. மறுபடியும் வந்தார், மற்றவர்களையும் இழுத்து வந்தார். தன் மனவலிமையை நம்பித்தான் அவர் உள்ளே போனார் என்று அகஸ்டின் எழுதுகிறார். "எனக்கு ஒன்றும் ஆகாது, நான் சும்மாதான் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அலிப்பியுஸ் நினைவுக்கு வருகிறார். பின்னாளில் கிறிஸ்துவிடம் வந்து, தாகாஸ்தே நகரத்தின் பேராயராக ஊழியம் செய்தவரும் அவரே. கண்ணைத் திறந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு.

படி 1: ஏழு நாள் நோட்டு

முதல் வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போலப் பாருங்கள், கேளுங்கள், படியுங்கள். எழுதி மட்டும் வையுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: என்ன பார்த்தேன், எவ்வளவு நேரம், ஒரு மணி நேரம் கழித்து மனதில் மீந்திருந்தது என்ன, ஜெபிக்கும்போது தானாக எழுந்தது என்ன.

நேரத்துக்கு உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஐஃபோனில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று செட்டிங்ஸிலேயே கணக்கு இருக்கிறது. எந்தச் செயலியில் எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்று அது காட்டும். எண்ணைப் பார்த்ததும் வெட்கமாக இருக்கும். அப்படியே எழுதிவிடுங்கள்.

கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றைத் தவறவிட வேண்டாம்: போனை எடுக்கக் கை நீண்ட அந்தக் கணத்தில் உள்ளே என்ன இருந்தது? அலுப்பா, தனிமையா, யாரோடாவது மனஸ்தாபமா, நாளையைப் பற்றிய பயமா? ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்து வையுங்கள். என் நோட்டில் அதிகம் வந்த சொல் 'சோர்வு'. சோர்ந்த நேரமெல்லாம் நான் திரையிடம்தான் போயிருந்தேன். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்" என்றவரிடம் அந்த ஏழு நாளில் ஒருமுறைகூட அதே சோர்வோடு போகவில்லை. இதை அந்த நோட்டு காட்டாதிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

படி 2: நோட்டைத் தேவ சமுகத்தில் வாசிப்பது

எட்டாம் நாள், யாரும் தொந்தரவு செய்யாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139-ம் சங்கீதத்தின் ஜெபத்தோடு தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் எடுத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

இதைப் பார்த்த பிறகு மனுஷரை நான் எப்படிப் பார்க்கிறேன்? தேவசாயலில் படைக்கப்பட்டவர்களாகவா, உடலாகவா, எதிர்க்கட்சியாகவா?

இது எதை விரும்பச் செய்கிறது? நேற்றுவரை எனக்குத் தேவைப்படாதது, இன்று இல்லாமல் தீராது என்று தோன்றுகிறதா?

எதற்குப் பயப்படச் செய்கிறது?

எதைப் பார்த்துச் சிரிக்கப் பழக்குகிறது? இந்தக் கேள்வியிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நாம் கோபப்படுவதைவிடச் சிரிப்பதில்தான் அதிகம் மாறுகிறோம் என்பது என் அனுபவம். முதல் முறை கேட்டு முகம் சுளித்த ஒன்றுக்கு, பத்தாவது முறை லேசாகச் சிரிக்கிறோம், இருபதாவது முறை நாமே அதைச் சொல்கிறோம். ஒருவருடைய நிறத்தை, உடற்பருமனை, திக்குவாயைக் கேலி செய்யும் துணுக்குகளுக்கு நான் சிரித்திருக்கிறேன். அதே குறையுள்ள ஒரு சகோதரர் சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோது அந்தத் துணுக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு என்னால் பாட முடியவில்லை.

கடைசியாக, இதை என்னால் நிறுத்த முடிகிறதா? "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று பவுல் 1 கொரிந்தியர் 6:12-ல் எழுதுகிறார். ஒன்று தன்னளவில் நல்லதாக இருந்தாலும், விட முடியவில்லை என்றால் அது எஜமானாகிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கேள்விகளை உங்கள் நோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வீட்டு டிவியை அளக்க எடுத்துப் போக வேண்டாம். ஒருவருடைய மனசாட்சிக்கு இடறலாக இருப்பது இன்னொருவருக்கு இல்லாமல் இருக்கலாம் என்று ரோமர் 14-ம் அதிகாரம் விரிவாகப் பேசுகிறது.

படி 3: பிரித்து வைப்பது

உலகத்தின் எழுத்தும் கதையும் எல்லாமே தீட்டு என்று வேதம் சொல்வதில்லை. தானியேல் பாபிலோனில் மூன்று வருடம் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார். அதே தானியேல், ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று தன் இருதயத்தில் தீர்மானம் பண்ணிக்கொண்டார். எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதை மேஜைக்கு வருவதற்கு முன்பே முடிவுசெய்துவிட்டார். பவுலும் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது கிரேக்கக் கவிஞர் அராட்டஸின் வரியை எடுத்தாள்கிறார். "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று 1 கொரிந்தியர் 15:33-ல் நாம் மனப்பாடமாகச் சொல்லும் வசனமே மெனாண்டர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் வரியாகக் கருதப்படுகிறது. கெட்ட பேச்சிலிருந்து விலகச் சொல்லும் எச்சரிக்கைக்கே பவுலுக்கு ஒரு நாடக வரி உதவியிருக்கிறது. உலகத்தார் எழுதியதையும் அவர் பகுத்தறிந்தே கையாண்டார்.

நோட்டில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, உடனே வெட்ட வேண்டியவை. உங்களைப் பாவத்துக்குள் இழுப்பது எது என்று உங்களுக்கே தெரியும், அதை "குறைத்துக்கொள்கிறேன்" என்று பேரம் பேச வேண்டாம். அந்தக் கணக்கை, அந்தச் செயலியை இன்றே நீக்குங்கள். இரண்டாவது, எல்லை போட வேண்டியவை: செய்தி, விளையாட்டு, நகைச்சுவை, நண்பர்களின் பதிவுகள். இவற்றுக்கு நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். மூன்றாவது, நன்றியோடு வைத்துக்கொள்ள வேண்டியவை. நல்ல கதை, நல்ல இசை, படைப்பின் அழகைக் காட்டும் ஆவணப்படம், துன்பப்படுகிறவர்களின் வாழ்வை நமக்குப் புரியவைக்கும் எழுத்து இவையெல்லாம் உண்டு. பிலிப்பியர் 4:8-ல் "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்று தொடங்கும் பட்டியல், எதைத் தள்ளுவது என்பதைவிட எதைத் தேடிப் போய்ச் சிந்திப்பது என்பதைத்தான் சொல்கிறது. இந்த மூன்றாம் குவியல் காலியாக இருந்தால், முதல் குவியல் சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

படி 4: கருவியை மாற்றுவது

தீர்மானம் மட்டும் செய்துவிட்டுப் போனை அப்படியே வைத்திருப்பது, அலிப்பியுஸ் கண்ணை மூடிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்த கதைதான். அரைமணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துவிடுங்கள். அழைப்பும் நேரடிக் குறுஞ்செய்தியும் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை அணையுங்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, அதைப் பதிவாகாமல் நிறுத்திவைத்தால், முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவது நின்றுவிடும். அதன்பின் பார்க்க வேண்டியதை நீங்களே தேடிப் போக வேண்டியிருக்கும். அதிகம் இழுக்கும் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டுக் கணினியில் மட்டும் பயன்படுத்துங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு, சிலருக்கு அது நன்றாக உதவுகிறது. எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டு, போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இந்தக் கடைசியைச் செய்யுங்கள்.

படி 5: வெறுமையான வீட்டை நிரப்புவது

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் தவறுகிறோம். உபவாச நாட்களில் சமூக ஊடகத்தை விட்டுவிட்டு, முடிந்ததும் இரட்டிப்பாகத் திரும்பிப் போகிறோம். மத்தேயு 12-ல் இயேசு சொன்ன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருந்தது. அதன் குறை, அது வெறுமையாக இருந்தது. அதைவிட்டுப் போன அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆகவே எடுத்த இடத்தில் வையுங்கள். காலையில் எழுந்ததும் முதல் அரைமணி நேரம் திரை வேண்டாம். போனில் வேதாகமச் செயலி இருந்தாலும், அச்சுப் புத்தகத்தை எடுங்கள். செயலியைத் திறக்கப் போய் வாட்ஸ்அப்பில் நிற்பது எல்லோருக்கும் நடப்பதே. நிறைய அதிகாரங்களை ஓட்டிப் படிப்பதைவிட, 'ஹாகா' என்ற சொல்லை நினைவில் வைத்துச் செய்து பாருங்கள். ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். மூன்றாம் நாள் சில வரிகள் தானாக வரும். ஐந்தாம் நாள் நடந்துகொண்டிருக்கும்போது உதட்டில் இருக்கும். விளம்பரப் பாட்டு எந்த வழியில் உள்ளே போனதோ அதே வழியில்தான் இதுவும் போகிறது. மனம் அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது.

தூங்கும் முன் கடைசியாக மனதில் விழுவது எது என்பதையும் கவனியுங்கள். அன்றைய சங்கீதத்தின் ஒரு வரியைச் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். வேலைக்குப் போகும் வழியில் காதில் மாட்டும் இயர்போனைச் சில நாள் மாட்டாமல் இருந்து பாருங்கள். முதல் சில நாள் அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். அடக்கி வைத்த கவலைகள் எல்லாம் மேலே வரும். பயப்பட வேண்டாம், அவைதான் ஜெபக் குறிப்புகள்.

வேண்டாத எண்ணங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, அவற்றைத் தங்கவிடுவதா இல்லையா என்பது நம் கையில் இருக்கிறது என்ற கருத்தை எழுதிவைத்தார். ஒரு காட்சி மனதில் எழுந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். சண்டை போடுவதும் ஒருவகையில் அதைத் தங்கவைப்பதே. வாரத்தின் சங்கீதத்துக்குத் திரும்புங்கள், பத்து முறை ஆனாலும்.

படி 6: செய்தியும் ஃபார்வர்டும்

செய்தியை நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில், முடிந்தால் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். படித்ததும் குறைந்தது ஒரு செய்தியை விண்ணப்பமாக மாற்றுங்கள்: அதில் வரும் மனிதருக்காக, அங்குள்ள சபைக்காக, முடிவெடுக்கும் அதிகாரிகளுக்காக. கோபம் ஜெபமாக மாறும்போது விவாதம் இரவுவரை நம்மைத் துரத்துவதில்லை. எனக்கு இது மெதுவாகத்தான் பழகியது.

ஃபார்வர்டு விஷயத்தில் நாம் மனந்திரும்ப வேண்டியிருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. இயந்திரக் கணக்குகளைக் கழித்த பிறகும் முடிவு மாறவில்லை, பரப்பியது மனிதர்கள்தான். விசுவாசிகளின் குழுக்களும் இதில் விலக்கல்ல. துன்புறுத்தப்படும் சபை என்று பழைய படம் ஒன்று வருகிறது, உடனே ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறது. "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்ற யாத்திராகமம் 23:1 அங்கேயும் பொருந்தும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கைகள் மாறி வந்தது. மூலம் தெரியாவிட்டால் உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

படி 7: கிறிஸ்தவ ஊடகத்தையும் சோதிப்பது

இயேசுவின் பெயர் இருந்தாலே பாதுகாப்பானது என்று நினைத்து நாம் காவலை எடுத்துவிடுகிறோம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதாவென்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து" பார்த்தார்கள். அதற்காக அவர்களை அப்போஸ்தலர் 17 புகழ்கிறது. அப்போஸ்தலனுக்கே அப்படியென்றால், மூன்று நிமிட வீடியோவுக்கு?

கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்குத் தேதி சொல்லும் வீடியோக்களை அடியோடு விட்டுவிடுங்கள். 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் நம்பினார்கள். அவர்களுடைய பத்திரிகைகள் செய்தியைப் பரப்பின. நாள் வந்து போனது. நொறுங்கிப்போன விசுவாசங்கள் எத்தனையோ. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார்.

ஓர் ஊழியரை இன்னோர் ஊழியர் வறுத்தெடுக்கும் வீடியோக்களும் இதே குவியலில் சேர வேண்டியவை. தவறான போதனையைச் சுட்டிக்காட்டுவது தேவைதான். ஆனால் அதைப் பார்த்து முடித்ததும் சத்தியத்தின்மேல் அன்பு கூடியிருக்கிறதா, இகழும் இன்பம் கூடியிருக்கிறதா என்று உங்கள் நோட்டின் மூன்றாம் பத்தியில் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு கண்ணி மிக நுட்பமானது. தினம் மூன்று பிரசங்கம் கேட்பதே ஆவிக்குரிய வளர்ச்சி என்று நினைத்துவிடுகிறோம். கேட்டதில் ஒன்றையும் செய்யாமல் அடுத்ததற்குப் போகிறோம். "திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்று யாக்கோபு எழுதியபோது கேட்க அவ்வளவு இருந்ததில்லை. வாரத்துக்கு ஒரு பிரசங்கத்தை எடுத்து, ஒரு காரியத்தைச் செய்து முடித்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள். திரையில் வரும் திறமையான பிரசங்கியோடு உங்கள் சபைப் போதகரை ஒப்பிடவும் வேண்டாம். நீங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது ஜெபிக்க வருபவர் உங்கள் போதகரே.

படி 8: வீட்டில்

பிள்ளைகளுக்கு விதி போடும் முன் பெற்றோர் அதே விதிக்குள் வர வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை என்றால், அப்பா கையிலும் இல்லை. சிறு பிள்ளைகள் பார்ப்பதை உட்கார்ந்து கூடவே பாருங்கள், முடிந்ததும் பேசுங்கள்: "இந்தக் கதையில் நல்லவன் யார்? ஏன் அப்படிச் சொல்கிறாய்? இயேசு அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?" வளர்ந்த பிள்ளைகளிடம் தடையைவிட, உங்கள் நோட்டையே காட்டுவது அதிகம் உதவும். தாய் தகப்பனும் போராடுகிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் தங்கள் போராட்டத்தை மறைக்க வேண்டியதில்லை.

படி 9: மறைவான காரியத்துக்கு

ஆபாசத்தில் சிக்கியிருக்கிறவருக்கு இதை எழுதுகிறேன். மேலே உள்ள படிகளைத் தனியாகச் செய்து ஜெயிக்க முயல வேண்டாம். அந்தப் பாவம் மறைவில்தான் உயிர் வாழ்கிறது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு 5:16 சொல்வது சொஸ்தமடைவதற்காக. உங்களைவிட முதிர்ந்த, வாய்காக்கத் தெரிந்த, உங்கள் பாலைச் சேர்ந்த ஒருவரைத் தேடுங்கள். சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தில் பேச்சை மாற்றிவிடுவீர்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் உங்களிடம் நேரடியாகக் கேட்கட்டும். விழுந்த அன்றைக்கே அவருக்குத் தெரிவியுங்கள், அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். விழுந்த பிறகு சில நாள் ஜெபிக்காமல் இருந்து, கொஞ்சம் சுத்தமானதும் தேவனிடம் போகலாம் என்று மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். நம்மைச் சுத்திகரிப்பது அவருடைய வேலை என்று 1 யோவான் 1:9 சொல்கிறது, அசுத்தத்தோடுதான் போக வேண்டும். வருடக்கணக்கான பழக்கமாக இருந்து, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டிருந்தால் மனநல ஆலோசகரின் உதவியையும் நாடுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

மூன்று மாதம் கழித்து

அதே நோட்டை எடுத்து இன்னொரு ஏழு நாள் எழுதுங்கள். நிமிடக் கணக்கை முன்பு எழுதியதோடு ஒப்பிடலாம், ஆனால் அதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நான்காம் பத்தியை மட்டும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள்: ஜெபிக்கும்போது தானாக எழுந்தது என்ன? நான் இரண்டாம் முறை எழுதியபோது ஏழு நாளில் மூன்று நாள் இன்னமும் விவாதமும் விளையாட்டுச் செய்தியும்தான் இருந்தன. இரண்டு நாள் வேலைக் கவலை. ஒரு நாள், செய்தியில் படித்த, வெள்ளத்தில் மகனை இழந்த ஒரு தாயின் முகம். கடைசி நாளின் கட்டத்தில் "121-ம் சங்கீதம், நான்காம் வசனம்" என்று எழுதியிருக்கிறேன்: இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை.